சிவப்பு நூல் கட்டிய கிடார்

எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சரக்கு வந்த நோட்டில் "பெட்டி நான்கு, உடைசல் இல்லை" என்கிற மாதிரி வரிகள்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். வருஷம் கேட்டால் தெரியாது. மழைக்காலமா வெயில் காலமா என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

இதை எழுதச் சொன்னது ஷபானா. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக் கடையில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். முன்பெல்லாம் ஜனங்கள் கடைக்கு வந்து, நாலைத் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது போனில் படம் பார்த்தே வரவழைத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் கடைக்குத் தூக்கி வருகிறார்கள், "விரல் வலிக்குது, ஜிர்ருனு சத்தம் வருது, என்னான்னு பாருங்க" என்று.

"அம்மா, புதுசா கத்துக்கறவங்க கொறஞ்ச வெலையில கிளாசிக்கல் கிடார் வாங்கணும்னா நீங்க என்னென்ன பாப்பீங்களோ, அத அப்படியே எழுதிக் குடுங்க. ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுக்கறேன். ஒரு பக்கம் போதும்" என்றாள் ஷபானா.

"எனக்கு எழுத வருமாடி?"

"பேசறாப்பல எழுதுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. அமுதாவைப் பற்றி எழுதாமல் கிடாரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

கடைக்கு நான் முதலில் போனது கூட்டிப் பெருக்க. அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். தறியில் ஒரு பாவு முடியும்போது பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டவேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. கண் மங்க ஆரம்பித்ததும் அந்த வேலை போனது. வீட்டுக்காரரும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். தெரிந்தவர்கள் சொல்லிக் கடையில் சேர்ந்தேன்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். ஒல்லியாக, உயரமாக இருப்பார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு என்று அர்த்தம். வாத்தியங்களை மனுஷர்களைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். "இவருக்குக் கழுத்து சரியில்லம்மா, அவருக்கு ஜலதோஷம் புடிச்சிருக்குது" என்பார். மழைக்காலத்தில் ஆர்மோனியத்துக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும்.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டும்போது என்னவோ உறுத்தியது. எனக்குப் பேசவே கூச்சம். இருந்தும் வாய் வந்துவிட்டது.

"பாய், இங்க இழை மாட்டும்."

அவர் விரலை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியேம்மா."

என் சுருக்குப்பையில் எப்போதும் நாலு இழை பட்டு கிடக்கும், பழைய பழக்கம். ஒரு இழையை எடுத்து அந்தக் கழுத்தின் ஓரமாக இழுத்தேன். குறுக்கே பதித்த கம்பிகளில் ஐந்தாவதில் மாட்டியது. விடுவித்து இழுத்தால் ஒன்பதாவதில் மாட்டியது. பாய் இழையை வாங்கித் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைக்காமல் என்னையே பார்த்தார்.

"ஏம்மா சரோஜா, இத்தினி நாளா உன் கைல தொடப்பத்த குடுத்து வெச்சிருக்கேனே!"

மறுநாளிலிருந்து பெட்டி பிரிக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கிடார் பார்த்த முறையைத்தான் ஷபானா கேட்கிறாள், சொல்கிறேன்.

முதலில் முகர்ந்து பார்க்கவேண்டும், நடுவில் இருக்கும் ஓட்டைக்கு மூக்கைக் கொண்டுபோய். பச்சைக் கோந்து வாடை அடித்தால் அது இன்னும் காயாத சரக்கு. பிறகு முதுகை விரல் முட்டியால் தட்டவேண்டும். உள்ளே தாங்கலுக்கு ஒட்டிய பட்டை ஏதாவது விட்டிருந்தால் சப்பென்று கேட்கும். பளபளப்பையும் கறுப்புப் பெயின்டையும் பார்த்து மயங்கக் கூடாது. ஒட்டு தெரியாமல் இருக்கத்தான் பாதிப் பேர் கறுப்பு அடிக்கிறார்கள். மரத்தின் நிறத்திலேயே இருக்கும் சாதாக் கிடார் விலையும் குறைவு, எதையும் மறைக்காது.

கிளாசிக்கல் என்றால் தந்தி நைலான். கழுத்து அகலம், தந்திக்குத் தந்தி இடம் விட்டிருக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு விரல் இடறாது. சத்தம் போதவில்லை என்று சில பெற்றோர் இதிலேயே இரும்புத் தந்தி மாட்டித் தரச் சொல்வார்கள். மாட்டவே கூடாது. அந்த இழுப்புக்கு இந்த உடம்பு தாங்காது, அடியில் தந்தி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும். கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிடார் இருக்கிறது. "வளந்ததும் ஆவும்" என்று சட்டை எடுப்பதுபோல் பெரிதாக எடுக்கவேண்டாம்.

கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளை, வீணைக்குச் சொல்கிற மாதிரி, மெட்டு என்போம். கிடாரைத் தலைப்பக்கமாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுக்கப் பார்த்தால் மெட்டுகள் ஏணிப்படி மாதிரி வரிசையாகத் தெரியவேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை வாங்காமல் அப்படியே வைத்துவிட வேண்டியதுதான். அப்புறம் பட்டு இழையை இரண்டு ஓரமும் இழுத்துப் பார்ப்பேன். இழை மாட்டினால் பிள்ளையின் கை கிழியும். தந்தியை முறுக்கும் தலைப்பக்கச் சாவிகளை ஒவ்வொன்றாக இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும், எங்கேயும் நழுவக் கூடாது. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒரு தட்டுத் தட்டவேண்டும். எங்கேயும் ஜிர்ரென்று இரையக் கூடாது. இதற்கு நேரம் பிடிக்கும். பாய் ஒரு மெட்டைக்கூட விடமாட்டார்.

கடைசியாகக் காசு. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் இருப்பது பன்னிரண்டாவது மெட்டு. அங்கே மெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசை அடுக்கிச் செருகவேண்டும். மெல்லிய தந்திக்குக் கீழே இரண்டு காசு, தடித்த தந்திக்குக் கீழே மூன்று காசுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் நுழைந்தால் தந்தி ரொம்ப மேலே நிற்கிறது. அழுத்த அழுத்த விரல் நுனி புண்ணாகும், சுரமும் விலகும். குறைந்த விலைக் கிடார்களில் இதுதான் பெரிய குறை. வருகிறபோதே தூக்கலாகத்தான் வரும்.

ஆனால் சரி செய்யக்கூடிய குறைதான். பிரிட்ஜில் தந்திக்குக் கீழே ஒரு வெள்ளைத் துண்டு செருகியிருக்கும். தந்தியைத் தளர்த்தி அதை உருவி, கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து, அதன் அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்த்துத் திரும்பச் செருகவேண்டும். அரை மணி நேர வேலை. பாய்தான் தேய்ப்பார். நான் பார்த்திருக்கிறேன், அவர் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு தடவை தேய்த்தும் இருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தால் தலைப்பக்கச் சாவியில் ஒரு சிவப்புப் பட்டு இழையைக் கட்டுவேன். நான் பார்த்தது எது, பார்க்காதது எது என்று எனக்கே மறந்துபோகும் என்பதற்காகக் கட்ட ஆரம்பித்தது. ஜனங்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். முசரவாக்கம், ஓரிக்கை பக்கமிருந்து வருகிறவர்கள்கூட "நூல் கட்டினத காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெளியே பாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது கேட்கும்.

இப்போது போணியைப் பற்றிச் சொல்லவேண்டும். காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டிய பிறகு வருகிற முதல் வியாபாரம் போணி. எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் ஒரே வழக்கம்தான். போணி ஆகும்வரை "இல்லை" என்ற சொல் வாயில் வரக் கூடாது. கேட்ட பொருள் கடையில் இல்லாவிட்டால் "வரும், உக்காருங்க" என்போம். முதலில் வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு முழுவதும் கடை அப்படியே போகும் என்று எல்லோருக்கும் பயம். ஒரு ஜால்ராக் கயிறாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம். போணியை யார் கையால் செய்வது என்பதும் முக்கியம். பாய்தான் செய்வார். தாலி இழந்தவள் கையில் யாரும் போணி செய்ய விடமாட்டார்கள். காலையில் அவர் வந்து உட்காரும்வரை நான் வாசல் பக்கமே வரமாட்டேன். யாரும் சொல்லி நான் ஒதுங்கவில்லை, நானாகத்தான்.

ஒரு ஆவணி மாதம், சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார் பாய்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, நீயே தொறந்துடு. போணியும் நீயே பண்ணிடு."

"என் கைலயா? வேணாம் பாய். பக்கத்துக் கடைக்காரர வந்து பண்ணச் சொல்றேன்."

"உன் கைக்கு என்னாம்மா? அந்தக் கைதான என் கடைய நடத்துது."

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் யாரும் என் கையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குத் திறந்தேன். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் ஒரு பெண் படியேறி வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் அந்த நேரத்துக்குத்தான் ஆட்களை இறக்கும். இருபது வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, கிளாசிக்கல் கிடார் இருக்குதா? நைலான் போட்டது. நாலாயிரத்துக்குள்ள."

"இருக்குதும்மா, உள்ள வா."

அவள் பெயர் அமுதா. முசரவாக்கம். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள், தூங்காதவர்கள் பேசுவதுபோல நிறுத்தாமல். செல்போனுக்குள் வைக்கும் பொடிப்பொடிச் சாமானைப் பொருத்தும் வேலை. அந்தக் கையைப் பார்த்தேன். மெலிந்த, நீளமான விரல்கள். பாவு பிணைக்க உட்காரவைத்தால் ஒரே மாதத்தில் என்னைத் தாண்டிப் போகக்கூடிய கை.

"இன்னிக்கு பத்து மணிக்கு மொத கிளாஸ்க்கா. சொந்தமா கிடார் கொண்டாந்தாத்தான் சேத்துப்பேன்னுட்டாரு சாரு. எங்கப்பா பொங்கல் வரைக்கும் டயம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள ஒரு பாட்டாவது சொந்தக்காரங்க முன்னாடி முழுசா வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா ஞாயித்துக்கெழம கிளாஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, மாப்பிள பாத்துடுவேங்கறாரு." சிரித்தாள். "வாசிச்சிடுவேன்க்கா. கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கற ஒருத்தி கிடார்ல ரெண்டு நாள்ல அரைப் பாட்டு புடிச்சிட்டேன். நூல் கட்டினதா காட்டுங்க."

அன்று கடையில் மூன்று கிளாசிக்கல் கிடார்கள் இருந்தன. நூல் கட்டியதில் ஒன்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவைத்தது. இன்னொன்று அவள் சொன்ன விலைக்கு மேலே. மூன்றாவதுக்கு நூல் கட்டவில்லை. கழுத்து நேர், ஒட்டு சுத்தம். ஆனால் மெல்லிய தந்திக்குக் கீழேயே நாலு காசு நுழைந்தது. பாய் தேய்க்கட்டும் என்று சுவரோரம் சாய்த்துவைத்திருந்தேன்.

அவள் நேராக அதைத்தான் எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். சாவிப் பக்கம் பார்த்தாள்.

"இதுல நூல் காணோமே?"

"இது இன்னும் ஆவலம்மா, அரை மணி உக்காரு" என்று சொல்லியிருக்கவேண்டும். அதற்கு ஒரு மூச்சு போதும். மணி ஒன்பதே கால்கூட ஆகவில்லை. நானே தேய்த்துக் கொடுத்திருக்கலாம், அவளும் வகுப்புக்குப் போயிருப்பாள். பிறகு எத்தனையோ தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நேரம் மிஞ்சுகிறது.

ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது வேறு. போணிக்கு முன்னால் பொருளைக் குறை சொல்வதா? சொன்னதும் அவள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டால்? நான் செய்கிற முதல் போணி தட்டிப்போகும். பாய் ஒன்றும் சொல்லமாட்டார். "என் கை அப்படித்தான்" என்று நானே சொல்லிக்கொள்வேன்.

"இப்பத்தாம்மா பாத்து முடிச்சேன். கட்டிடறேன்" என்றேன்.

சுருக்குப்பையிலிருந்து சிவப்பு இழையை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். அவள் பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் கிடாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குன்னு வாங்கறது இதான்க்கா மொத தடவ" என்றாள்.

அன்றைக்கு வியாபாரம் பிரமாதமாக நடந்தது. அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். மறுநாள் பாய் நோட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தியா உன் கைராசிய?" என்றார். பிறகு சுவரோரம் பார்த்தார். "இங்க ஒருத்தரு சாஞ்சிருந்தாரே?"

"போணிக்குப் போய்ட்டாரு பாய்."

"தேச்சுக் குடுத்தியா?"

"உம்" என்றேன்.

"அட, தனியா தேய்க்கவும் கத்துக்கினியா!" என்று அவர் சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து போணி என் கையில் என்று ஆனது.

ஒரு மாதம் கழித்து அமுதா வந்தாள். கிடார் கொண்டுவரவில்லை. இடது கையில் நாலு விரலிலும் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். பாய் இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்து ஒரு ஆர்மோனியத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்குமா? கம்பெனியில சாமான் எடுக்க முடியல, சூப்பர்வைசர் கத்தறாரு. கிளாஸ்ல எனக்கு அப்புறமா சேந்ததுங்கள்ளாம் முன்னாடி போயிட்டாங்க. சாரு எல்லாத்துக்கும், இன்னும் அழுத்தி புடி, அழுத்தி புடின்றாரு."

"ஆரம்பத்துல அப்படித்தாம்மா. பழகினா சரியாயிடும்" என்றேன்.

"கிடார்ல ஏதாச்சும் இருக்குமோ? அடுத்த வாரம் கொண்டாந்து காட்டட்டுமா?"

பாய் ஆர்மோனியத்திலிருந்து தலை நிமிர்ந்தார். கிடார் வந்தால் அவர்தான் காசு செருகிப் பார்ப்பார். நான் நூல் கட்டியதும், "உம்" என்றதும் இரண்டும் வெளியே வரும்.

"வேணாம்மா. அத்தினி தூரம் சும்மா தூக்கிக்கினு அலையாத. நூல் கட்டினதுதான, ஒண்ணும் இருக்காது."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப என் கைதான் சரியில்ல போல" என்று சிரித்துவிட்டுப் போனாள். நூல் கட்டியதைவிட இதுதான் பெரிய தப்பு. முதல் தடவை பயத்தில் செய்தேன். இரண்டாம் தடவை அவள் விரலைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். போர்வையில் சுற்றிய கிடாரை, தூங்குகிற குழந்தையைப் போல எடுத்துவந்து பலகைமேல் வைத்தார். அமுதாவின் அப்பா. நான் மனதில் வைத்திருந்த மாதிரி கடுகடுப்பான ஆளாக இல்லை.

"புதுசாட்டந்தான் இருக்குதுங்க, ஒரு கீறல் இல்ல. எடுத்துக்கினு எது குடுத்தாலும் சரி. வீட்ல இருந்தா அதையே பாத்துக்கினு அழுவுது" என்றார்.

"வாசிக்கலியா?" என்று கேட்டார் பாய்.

"எங்கங்க. பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. ஒக்காந்துச்சி. நாலு தடவ ஆரம்பிச்சிது, நாலு தடவயும் நடுவுல நின்னுப்போச்சி. எங்க தங்கச்சி புருஷன், 'பாட்டு பஸ்ஸு மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு வருதே'ன்னான். எல்லாம் சிரிச்சிட்டாங்க. அதுவே எழுந்து வந்து, 'எனக்குக் கை வரலப்பா, நீ சொன்னாப்பலயே பண்ணிக்க'ன்னுடுச்சி. வாசிச்சிடும்னுதாங்க நானும் நெனச்சேன்."

பாய் போர்வையை விலக்கினார். மேசை டிராயரிலிருந்து காசுகளை எடுத்தார். இரண்டு நுழைந்தது. மூன்று நுழைந்தது. நாலாவதும் நுழைந்தது. பிறகு தலைப்பக்கம் பார்த்தார். என் சிவப்பு இழை கொஞ்சம் வெளுத்து, இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தது.

அந்த மனுஷருக்கு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து அனுப்பினார். அவர் போனதும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தெருவில் சாம்பிராணிக்காரர் வந்து நின்றுவிட்டுப் போனார், அப்போதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது நீ கட்டினதா?"

"ஆமா பாய்."

"போணிக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"போணி இன்னிக்கு போனா நாளைக்கு வரும்மா" என்றார். அவ்வளவுதான். கண்ணாடிப் பலகையையும் உப்புத்தாளையும் எடுத்து என் முன்னால் வைத்தார். நான் தேய்த்தேன். அவர் கைவைக்கவில்லை. திரும்பச் செருகித் தந்தி ஏற்றிக் காசு வைத்துப் பார்த்தால் இரண்டு காசோடு நின்றது. அவர் வாங்கி நாலு சுரம் தட்டினார். எவ்வளவு நல்ல கிடார் அது! அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

"இவர எடுத்துக்கினு முசரவாக்கம் போ. அந்தப் பொண்ணு கைல குடு. குத்தம் யார்துன்னு சொல்லு. அவங்கப்பாகிட்டயும் சொல்லு."

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். வீட்டை விசாரித்துப் போனேன். வாசலில் நிறையச் செருப்பு கிடந்தது. புதுக் கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் பேசுவதும் டம்ளர் சத்தமும் கேட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டம்மாள் சொன்னாள். "யாரு வேணும்?" என்று கேட்டாள். ஒருத்தரும் வேண்டாம் என்றேன். அந்த மாதிரி நேரத்தில் என்னைப்போன்றவள் வாசலில் போய் நிற்கலாமா? கிடாரை வேறு தூக்கிக்கொண்டு? அந்த வீட்டு ஜன்னலில் அமுதாவின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. தலைநிறையப் பூ. நான் திரும்பிவிட்டேன்.

அது காரணமா, சாக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசேஷம் முடியும்வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்திருக்கலாம். மறுநாள் போயிருக்கலாம். பாய் போகத்தான் சொன்னார். "நாளைக்கு" என்றேன். அந்த நாளை நாலைந்து தடவை வந்துபோனது. மாசிக் கடைசியில் கல்யாணம் முடிந்து வெளியூர் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பாய் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு அட்டையில் "அமுதா" என்று எழுதிக் கிடாரில் மாட்டி மேல் தட்டில் வைத்தார். யாருக்கும் விற்கவில்லை.

போணி செய்வதை நான் விட்டேன். நூல் கட்டுவதையும் விட்டேன். ஜனங்கள் கேட்டார்கள், "எங்கம்மா நூலு?" என்று. அதற்குப் பதிலாக அவர்கள் கையிலேயே காசைக் கொடுத்து, "நீங்களே செருகிப் பாருங்க" என்பேன். பட்டு இழையைக் கொடுத்து இழுக்கச் சொல்வேன். கூச்சமாகத்தான் இருக்கும். போணி ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், குறை இருந்தால் "இதுல குறை இருக்குது, உக்காருங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சிலர் எழுந்து போனார்கள். பாய் ஒரு தடவைகூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆனால் இதெல்லாம் அமுதாவுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

பாய் காலமாகி, எனக்கும் முடியாமல்போய் வேலையை விட்டபோது, அவர் மகன் என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தக் கிடாரைக் கேட்டேன். இப்போது என் வீட்டில் அரிசி டிரம் மேலே துணி போட்டு வைத்திருக்கிறேன். வெயில் படாத, ஓதம் ஏறாத இடம் அது ஒன்றுதான். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஷபானா வந்தபோது பார்த்துவிட்டுக் கேட்டாள், "நூல் கட்டுனதாச்சே, யாருதும்மா இது?" என்று. அப்போது நான் சொல்லவில்லை. எழுதத்தான் முடிந்தது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும், தெரிந்தவர்கள் சரி பார்க்கவேண்டும். முக்கியமாகக் காசு. நான் சொன்னது பாய் டிராயரில் இருந்த அந்தக் காலத்து ஒரு ரூபாய். இப்போது வருகிற காசு வேறு அளவு, கனமும் வேறு மாதிரி தெரிகிறது. யாராவது ஸ்கேல் வைத்து அளந்து சரியான அளவைப் போட்டபிறகு ஜெராக்ஸ் எடுங்கள். மெட்டு பன்னிரண்டுதானா என்பதையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். சிவப்பு நூல் கட்டிய கிடார் உங்கள் வீட்டில் இருந்தால் நூலை நம்பி விட்டுவிடாதீர்கள், அதையும் ஒருமுறை பாருங்கள்.

முசரவாக்கத்தில் விசாரித்தால் அமுதாவை எங்கே கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். இப்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். ஷபானா, முடிந்தால் நீ போய்க் கேள். அவள் வந்தால், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரிசி டிரம் மேலே இருப்பதை எடுத்து அவள் மடியில் வை. அவளையே காசு செருகிப் பார்க்கச் சொல். நான் பார்த்தவரை இரண்டுதான் நுழைகிறது. அதையும் அவளே ஒருமுறை சரி பார்த்துவிடட்டும்.